மதுரையை இடித்த சோழம் ஒரே தலைமுறைக்குள் தஞ்சையை இழந்தது எப்படி?

ஏரிக்கரை எழுதியது:

நெடுநாளாக எனக்கு விடை கிடைக்காத கேள்வி ஒன்றை இங்கே வைக்கிறேன். மூன்றாம் குலோத்துங்கன் ஏறத்தாழ 1205ஆம் ஆண்டில் மதுரைக்குள் புகுந்து, பாண்டியரின் முடிசூட்டு மண்டபத்தை இடித்துத் தள்ளினான். 'மதுரையும் ஈழமும் கருவூரும் பாண்டியன் முடித்தலையும் கொண்டு' என்று அவனுடைய கல்வெட்டுகள் பெருமிதத்தோடு பேசுகின்றன. அந்த வெற்றிகளின் செல்வம் திரிபுவனத்துக் கம்பகரேசுவரர் கோயிலாக இன்றும் நிற்கிறது. அதே குலோத்துங்கன் உயிரோடிருந்தபோதே, 1216இல் மதுரையில் அரியணை ஏறிய மாறவர்மன் சுந்தரபாண்டியன் சோழநாட்டின்மேல் படையெடுத்தான். தஞ்சையும் உறையூரும் தீக்கிரையாயின. 1231இல் சோழச் சக்கரவர்த்தி மூன்றாம் இராசராசன் தன்னுடைய சிற்றரசன் ஒருவனின் கோட்டையில் சிறைப்பட்டுக் கிடந்தான். 1279க்குப் பிறகு சோழ மன்னன் எவன் பெயரிலும் கல்வெட்டு இல்லை.

பாடநூல்கள் இதற்குச் சொல்லும் விடை எளியது: மூன்றாம் இராசராசன் திறமையற்றவன், பாண்டியர் திறமை மிக்கவர். இந்த விடை எனக்குப் போதவில்லை. திறமை மிக்க அரசன் இல்லாத காலம் சோழருக்கு இதற்கு முன்பும் வந்ததுண்டு. 1070இல் அதிராசேந்திரன் பட்டமேறிய சில மாதங்களிலேயே மறைந்தான். விசயாலயனிலிருந்து தந்தை வழியில் வந்த மரபு அத்தோடு அறுந்தது. தாய்வழியில் மட்டுமே சோழனான வேங்கி நாட்டு இளவரசன் ஒருவன் வந்து முதலாம் குலோத்துங்கன் என்ற பெயரில் அமர்ந்தான். ஈழத்தில் விசயபாகு பொலன்னறுவையைக் கைப்பற்றியதும் ஏறத்தாழ அதே ஆண்டில்தான். இத்தனை அடி ஒன்றாக விழுந்தும் பேரரசு நூறாண்டுகளுக்கு மேல் நின்றது. ஆகவே என் கேள்வி இதுதான்: 1070இல் இருந்து, 1216இல் இல்லாமற்போனது எது?

பொன்னித்துறை எழுதியது:

கேள்வி நன்றாக வைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் 1070ஐ நலமான காலமாகக் கொள்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. தளர்ச்சி அங்கேயே தொடங்கிவிட்டது என்பது என் கருத்து. ஈழம் போனது. ஏறத்தாழ 1116இல் கன்னட நாட்டுப் போசள மன்னன் விட்டுணுவர்த்தனன் தலைக்காட்டைப் பிடித்துக் 'தலைக்காடு கொண்டவன்' என்று பட்டம் சூட்டிக்கொண்டபோது கங்கபாடி போனது. குலோத்துங்கனின் இறுதி ஆண்டுகளில், மேலைச் சாளுக்கிய மன்னன் ஆறாம் விக்கிரமாதித்தனின் கையோங்கியதால், குலோத்துங்கனின் தந்தைவழி நாடான வேங்கியே நழுவியது. இராசேந்திரன் காலத்துப் பேரரசின் வரைபடத்தையும் 1120ஆம் ஆண்டின் வரைபடத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால், பாதி உடல் இல்லை என்பது விளங்கும்.

இதற்கு வழக்கமாக வரும் மறுப்பு எனக்குத் தெரியும். நிலம் குறைந்தாலும் நாடு வாடவில்லை, தாராசுரம் எழுந்ததும் தில்லை விரிந்ததும் அந்தக் குறுகிய சோழத்தில்தானே என்று கேட்பார்கள். உண்மைதான். ஆனால் இராசராசனும் இராசேந்திரனும் கட்டிய அரசு, ஆண்டுதோறும் வெளியே போகும் படையை நம்பிய அரசு. அந்தப் படையில்தான் ஊர்த் தலைவர்களின் பிள்ளைகளும் அரசனோடு உடனிருந்த உடன்கூட்டத்து அதிகாரிகளின் பிள்ளைகளும் பேர்பெற்றார்கள். கொள்ளைப் பொருளில் பங்கு பெற்றார்கள். 'மூவேந்தவேளான்' என்றும் 'பிரமராயன்' என்றும் பட்டம் பெற்று அரசனைச் சார்ந்து நின்றார்கள். எல்லை சுருங்கியபோது அரசன் அவர்களுக்குக் கொடுக்க வேண்டியதை உள்நாட்டிலிருந்தே கொடுக்க வேண்டியதாயிற்று. அப்படிக் கொடுத்தது என்ன என்பதில்தான் ஏரிக்கரை அவர்களின் கேள்விக்கு விடை இருக்கிறது என்று எண்ணுகிறேன்.

கற்றளி எழுதியது:

பொன்னித்துறை அவர்கள் கதவருகே வந்து நின்றுவிட்டார். உள்ளே நுழைந்து பார்க்கலாம்.

முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டுகளில் அரசாணை எப்படி ஊரை வந்தடைகிறது என்பதைக் கவனித்தவர்களுக்கு ஒரு வியப்பு ஏற்பட்டிருக்கும். அரசன் வாய்மொழியாகச் சொன்னதைத் திருமந்திர ஓலை எழுதுகிறான், ஓலைநாயகம் ஒப்பிடுகிறான், புரவுவரித் திணைக்களம் என்ற வரித்துறையார் வரிப்பொத்தகத்தில் ஏற்றுகிறார்கள், கோயிலுக்கு நிலம் விடும் ஒரு சிறு தேவதானத்துக்குக்கூட இருபது முப்பது பேர் பெயரோடு கையெழுத்திடுகிறார்கள். நாடுகள் வளநாடுகளாகத் தொகுக்கப்படுகின்றன, நிலம் அளக்கப்படுகிறது. முதலாம் குலோத்துங்கனும் 1086இல் நிலத்தை மீண்டும் அளந்தான். ஆகவே 1070இல் அரசன் மாறினாலும் பொத்தகம் மாறவில்லை. ஏரிக்கரை அவர்கள் கேட்ட 'இருந்தது எது' என்பதற்கு என் விடை இதுவே: அரசனுக்கும் ஊருக்கும் நடுவே அரசனுடைய சொந்த ஆட்கள் இருந்தார்கள்.

பன்னிரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு வட தமிழகத்துக் கல்வெட்டுகளைப் படித்தால் காட்சி வேறு. அதிகாரிகளின் நீண்ட வரிசை மெலிகிறது. அவர்களுடைய இடத்தில் சம்புவராயர், காடவராயர், மலையமான், வாணகோவரையர், அதியமான், யாதவராயர் என்று குடிப்பெயரோடு கூடிய தலைவர்கள் நிற்கிறார்கள். இவர்களில் சிலர் பழைய குறுநில மன்னரின் வழியினர். சிலர் சோழர் படையிலும் காவலிலும் பணிசெய்து வளர்ந்தவர்கள். ஊர்க்காவலுக்கு ஈடாகக் குடிகள் செலுத்திய பாடிகாவல் என்ற வரி எத்தகைய சிறிய தொடக்கம் என்று எண்ணிப் பாருங்கள். அந்த வரியைத் திரட்டும் உரிமை ஒரு குடும்பத்துக்குப் போகிறது. பிறகு மகனுக்குப் போகிறது. பிறகு அந்த ஊரின் வேறு வரிகளும் அவர்கள் கைக்கு வருகின்றன. கடைசியில் கோயிலுக்கு வரியிலி கொடுப்பவர்களும் அவர்களே ஆகிறார்கள். அரசன் கொடுக்க வேண்டிய வரிவிலக்கைத் தலைவன் கொடுக்கும் நாளில், அந்த ஊர் யாருடையது என்று குடிகளுக்குத் தெரிந்துவிடும்.

அவர்களுடைய பெயர்களே ஒரு வரலாறு. விக்கிரமசோழச் சம்புவராயன், எதிரிலிசோழச் சம்புவராயன், குலோத்துங்கசோழக் காடவராயன் என்று, அரசனின் பெயரைத் தங்கள் பெயருக்கு முன்னே அணியாகச் சூட்டிக்கொண்டார்கள். பணிவின் அடையாளமாகத்தான் இது தொடங்கியிருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு, எனக்கு இதுவே முதன்மையான சான்று. மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில் இந்தத் தலைவர்கள் தங்களுக்குள் உடன்படிக்கை செய்துகொண்டு அதைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். இன்னாருக்குப் பகைவர் எனக்கும் பகைவர், இன்னாரோடு நான் சேரேன், இன்ன எல்லைக்கு அப்பால் நான் வாரேன் என்ற தோரணையில் அமைந்தவை அவை. மேலே அரசனின் ஆட்சியாண்டு முறையாகப் பொறிக்கப்பட்டிருக்கும். ஒரு வலிமையான அரசின் குடிமக்களாக இருப்பவர்கள் போரும் சமாதானமும் பற்றித் தங்களுக்குள் பேசி முடிக்க வேண்டிய தேவை ஏன் வந்தது? மதுரையை இடித்த அதே அரசனின் நாட்களில் இது நடந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

மெய்க்கீர்த்தி எழுதியது:

கற்றளி அவர்கள் சொல்வதில் உண்மை உண்டு, ஆனால் பாண்டியரை மேடையிலிருந்து இறக்கிவிட்டுச் சோழர் வீழ்ச்சியைப் பேசுவது பொருந்தாது. சிற்றரசர் எந்தப் பேரரசிலும் இருப்பார்கள். அவர்களுக்கு விலை ஏறியது எப்போது என்று கேட்க வேண்டும். என் விடை: பாண்டிய அரசுரிமைப் போரின்போது.

ஏறத்தாழ 1166இல் மதுரையில் பராக்கிரம பாண்டியனுக்கும் குலசேகர பாண்டியனுக்கும் உரிமைப் போர் மூண்டது. பராக்கிரமன் ஈழத்துப் பராக்கிரமபாகுவிடம் உதவி கேட்டான். உதவி வந்து சேருவதற்குள் அவன் கொல்லப்பட்டான். ஆயினும் இலங்காபுரன் என்ற தண்டநாயகன் தலைமையில் ஈழப்படை இறங்கி, பராக்கிரமனின் மகன் வீரபாண்டியனுக்காகப் போரிட்டது. குலசேகரன் சோழரிடம் வந்தான். அந்தச் சமயத்தில் சோழ அரண்மனை எந்த நிலையில் இருந்தது என்பதைப் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு சொல்கிறது. இரண்டாம் இராசராசன் மறைந்தபோது அவனுடைய பிள்ளைகளுக்கு ஒன்றும் இரண்டும் வயது. பெருமானம்பிப் பல்லவராயன் என்ற அமைச்சன்தான் அரச குடும்பத்தைக் காத்து, விக்கிரம சோழனின் மகள் வழிப் பேரனைக் கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து கொண்டுவந்து, இரண்டாம் இராசாதிராசன் என்று முடிசூட்டினான். ஈழப்படையை முறியடித்து, அதன் தண்டநாயகர்களின் தலைகளை மதுரை வாயிலில் அறைந்து வைத்தவனும் அவனே.

இதில் இரண்டு செய்திகள் உள்ளன. ஒன்று, அரசைக் காத்தவன் அரசன் அல்லன், அமைச்சன். இரண்டு, போர் எவ்வளவு நெருங்கி வந்தது என்பது. காஞ்சிக்கு அருகிலுள்ள ஆர்ப்பாக்கத்துக் கல்வெட்டில், ஈழப்படை வருகிறது என்று கேட்டு அஞ்சிய எதிரிலிசோழச் சம்புவராயன், உமாபதிதேவர் என்ற சைவ ஆசாரியரை வேண்டிக்கொள்கிறான். அவர் இருபத்தெட்டு நாள் பூசை செய்கிறார். வெற்றிச் செய்தி வருகிறது. ஆர்ப்பாக்கம் அவருக்கு வரி நீங்கிய இறையிலியாகிறது. போர் மதுரைப் பக்கம் நடக்கும்போது காஞ்சிப் பக்கத்துத் தலைவன் நடுங்குகிறான் என்றால், அந்த அச்சத்தின் அளவை உணரலாம்.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் கேடானது. குலசேகரன் சோழரை விட்டு ஈழத்தோடு சேர்ந்தான். சோழர் வீரபாண்டியனை எடுத்துக்கொண்டார்கள். பிறகு வீரபாண்டியன் ஈழத்தோடு சேர்ந்தான். மூன்றாம் குலோத்துங்கன் விக்கிரம பாண்டியனை எடுத்துக்கொண்டான். ஆளை மாற்றி மாற்றி அரியணையில் ஏற்றியதில், பாண்டிய நாட்டில் சோழருக்கு நன்றியுடைய குடும்பம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. 1205இன் இடிப்பு அந்தக் கணக்கின் கடைசி வரி. அதற்கு வட்டியும் சேர்த்துத்தான் சுந்தரபாண்டியன் திருப்பிக் கொடுத்தான். அவனுடைய மெய்க்கீர்த்தியில் வரும் கழுதை ஏர் பூட்டிக் கவடி விதைத்த செய்தி, குலோத்துங்கன் மதுரைக்குச் செய்ததாகச் சொல்லிக்கொண்டதன் எதிரொலியே.

ஏரிக்கரை எழுதியது:

மெய்க்கீர்த்தி ஐயா, ஒரு சிறு குறுக்கீடு. அந்த அழிவின்போது கரிகாலனோடு தொடர்புடைய பதினாறுகால் மண்டபம் ஒன்றை மட்டும், அது பட்டினப்பாலை பாடிய புலவருக்குக் கரிகாலன் கொடுத்தது என்பதற்காகச் சுந்தரபாண்டியன் விட்டுவைத்தான் என்று திருவெள்ளறைப் பாடல் கல்வெட்டு சொல்கிறது. தஞ்சையைச் சுட்டவனுக்குத் தமிழ் நினைவிருந்தது! விவாதத்துக்குத் தேவையில்லாத செய்திதான். சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை.

கேள்விக்குத் திரும்புகிறேன். சுந்தரபாண்டியன் சோழநாட்டை எடுத்துக்கொள்ளவில்லை. ஆயிரத்தளியில் சோழரின் முடிசூட்டு மண்டபத்திலேயே வீராபிடேகம் என்ற வெற்றி முழுக்குச் செய்துகொண்டு, தில்லையில் வழிபட்டு, பொன்னமராவதியில் வந்து பணிந்த சோழனிடம் நாட்டைத் திருப்பிக் கொடுத்தான். 'சோணாடு வழங்கியருளிய' என்பதே அவன் பட்டம். எதிரி அழிக்காமல் விட்டதைப் பிறகு யார் அழித்தார்கள்?

புதுப்புனல் எழுதியது:

நான் வரலாற்றைத் தொழிலாகப் படித்தவள் அல்லள். மன்னர்களையும் தலைவர்களையும் பற்றி மட்டுமே பேசுகிறீர்களே, கடல் வாணிகம் குறைந்ததால் கருவூலம் வற்றியிருக்கலாம் அல்லவா? முதலாம் குலோத்துங்கன் 'சுங்கம் தவிர்த்த சோழன்' ஆனதே பெரிய வருவாய் இழப்பாக இருந்திருக்குமே. பஞ்சம் பற்றிய கல்வெட்டுகளும் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

நாட்டார் எழுதியது:

அம்மா, நீங்கள் எழுப்பிய மூன்றையும் தனித்தனியே எடுத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் மூன்றுக்கும் விடை ஒன்றல்ல.

வாணிகத்தைக் காரணமாகக் காட்டுவது எளிது. சான்று அதற்கு இடங்கொடுக்கவில்லை. 1077இல் எழுபத்திரண்டு பேர் கொண்ட சோழத் தூதுக்குழு சீனத்துக்குப் போனது. 1088இல் சுமத்திராவின் பாரூசில் ஐந்நூற்றுவர் வணிகக்குழுவின் தமிழ்க் கல்வெட்டு பொறிக்கப்பட்டது. இவை சோழம் வலிமையாக இருந்த நாட்கள். ஆனால் சீனத்தின் குவான்சோ துறைமுகத்தில் தமிழ் வணிகர் சிவனுக்கு எடுத்த கோயிலைப் பற்றிய கல்வெட்டு 1281ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதாவது கடைசிச் சோழக் கல்வெட்டுக்கு இரண்டு ஆண்டுகள் பின்பு. அதே நூற்றாண்டின் இறுதியில் பாண்டியரின் காயல் துறைமுகத்தில் குதிரைக் கப்பல்கள் வரிசையாக வந்து நின்றன. வாணிகம் சாகவில்லை, அது யாருக்குச் சுங்கம் கட்டுவது என்பதை மாற்றிக்கொண்டது. வடக்கே தெலுங்கு நாட்டுக் காகதிய மன்னன் கணபதிதேவன் 1244இல் மோட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வணிகருக்குப் பாதுகாப்பளிக்கும் அபய சாசனம் வெட்டினான். சோழரின் கைக்கு வெளியே துறைகள் எழுந்தன என்பது வீழ்ச்சியின் விளைவு. அதைக் காரணமாகக் கொள்ளக் கூடாது. சுங்கம் தவிர்த்ததைப் பற்றியும் நாம் அளவுக்கு மீறிக் கட்டக் கூடாது. அந்தப் பட்டம் பெற்றவனுக்குப் பிறகு நூறாண்டு பேரரசு நின்றது.

பஞ்சம் உண்மை. திருப்பாம்புரத்துக் கல்வெட்டு 1201ஐச் சேர்ந்தது. நெல் காசுக்கு மூன்று நாழி விற்ற கொடுங்காலத்தில், ஒரு வேளாளனும் அவனுடைய இரண்டு பெண்மக்களும் 110 காசுக்குத் தங்களைக் கோயிலுக்கு அடிமையாக விற்றுக்கொண்டார்கள். திரிபுவனத்தில் கோபுரம் எழுந்த அதே ஆட்சியின் செய்தி இது. இதை நான் பலமுறை படித்திருக்கிறேன். அந்த மூவரும் அரசன் களஞ்சியத்துக்குப் போகவில்லை, ஊர்ச்சபையிடம் போகவில்லை, கோயிலிடம் போனார்கள். அந்த வட்டாரத்தில் நெல்லும் காசும் எங்கே தங்கியிருந்தன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

நிலத்தின் கதைதான் கற்றளி அவர்கள் சொன்னதற்கு அடித்தளம். காவிரிப் படுகையின் வேளாள ஊர்களில் முன்பு ஊரார் பொதுவில் வைத்திருந்த நிலம், பன்னிரண்டாம் நூற்றாண்டில் தனியார் காணியாக மாறி, விற்பனைக்கும் வாங்கலுக்கும் உள்ளானது. வாங்கியவர்கள் கோயில்களும் பட்டம் பெற்ற தலைவர்களும். மூன்றாம் இராசராசன் காலத்தில் இராசத்துரோகிகள் என்று முடிவுசெய்யப்பட்டவர்களின் நிலங்களை அரசு பறித்து ஏலத்தில் விற்றது. 'இராசராசப் பெருவிலை' என்ற சொல்லே வழக்கில் வந்தது. ஓர் அரசு நிலத்தை ஏலம் விட்டுப் பணம் திரட்டுகிறது என்றால் அதன் பொத்தகத்தில் வரி வரவில்லை என்று பொருள். அந்த ஏலத்தில் துணிந்து வாங்கக்கூடியவன் எவன்? முன்பே நிலம் வைத்திருப்பவன். அரசன் தன் பகைவர்களிடம் பறித்ததைத் தன் அடுத்த பகைவர்களிடம் விற்றுக்கொண்டிருந்தான்.

கற்றளி எழுதியது:

நாட்டார் அவர்களின் கடைசித் தொடரை நான் எழுதியிருக்கக் கூடாதா என்று பொறாமையாக இருக்கிறது. ஏரிக்கரை கேட்ட 'யார் அழித்தார்கள்' என்பதற்கு இப்போது வருகிறேன். திருவயிந்திரபுரத்துக் கல்வெட்டைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

காடவர் குடியினனான கோப்பெருஞ்சிங்கன் நடுநாட்டில் சேந்தமங்கலத்தைத் தலைமையிடமாகக் கொண்டவன். தெள்ளாற்றில் சோழனை வென்று அவனை அமைச்சர்களோடு சிறையிட்டதாக வயலூர்க் கல்வெட்டுப் பாடல்கள் பெருமை பேசுகின்றன. திருவயிந்திரபுரக் கல்வெட்டோ போசளர் தரப்புச் செய்தி. சோழச் சக்கரவர்த்தி சேந்தமங்கலத்தில் பிடிபட்டிருப்பதையும், நாடும் கோயில்களும் அழிவதையும் தன் தலைநகரான துவாரசமுத்திரத்தில் கேட்ட போசள மன்னன் வீரநரசிம்மன், சோழமண்டலத்தை நிலைநிறுத்தியவன் என்ற புகழை நாட்டினாலன்றித் தாரை ஊதுவதில்லை என்று புறப்படுகிறான். வழியில் மகர நாட்டரசனை வென்று அவன் பண்டாரத்தைக் கைப்பற்றுகிறான். பாச்சூரில் தங்கி, அப்பண்ணன், சமுத்திர கோப்பய்யன் என்ற இரு தண்டநாயகர்களை அனுப்புகிறான்.

அவர்கள் செய்தவற்றை அந்தக் கல்வெட்டு ஊர் ஊராகச் சொல்கிறது. எள்ளேரி அழிந்தது, கல்லியூர்மூலை அழிந்தது, சோழகோன் என்பவன் இருந்த தொழுதகையூர் அழிந்தது. இடையில் தில்லைக்குப் போய்ப் பொன்னம்பலத்து இறைவனை வணங்கிக்கொண்டார்கள். திருப்பாதிரிப்புலியூரில் பாளையமிட்டு, திருவதிகை முதலான இடங்களை அழித்து, பயிர்களைச் சுட்டு, பெண்களைப் பிடித்து, சேந்தமங்கலத்தை முற்றுகையிடப் போகும் வேளையில்தான் கோப்பெருஞ்சிங்கன் இறங்கிவந்து சோழனை விட்டான். தண்டநாயகர்கள் சக்கரவர்த்தியை அழைத்துக்கொண்டு போய்ச் சோழநாட்டில் விட்டார்கள்.

இந்த நிகழ்ச்சியில் யார் இல்லை என்று பாருங்கள். அரசனை மீட்கச் சோழநாட்டு வளநாடு ஒன்றிலிருந்தும் படை எழவில்லை. காவிரிக் கரையின் செல்வம் கொழித்த ஊர்களிலிருந்து, கைக்கோளப் படைகளின் வழியினரிடமிருந்து, சோழன் பெயரை முன்னணியாகச் சூட்டிய சம்புவராயரிடமிருந்து யாரும் வந்ததாகச் செய்தி இல்லை. மீட்பு துவாரசமுத்திரத்திலிருந்து வரவேண்டியிருந்தது. அதுவும், காப்பாற்ற வந்த நாட்டின் பயிரைச் சுட்டுக்கொண்டே. 1070க்கும் 1231க்கும் உள்ள வேறுபாட்டை இதற்கு மேல் விளக்க எனக்குச் சொல் இல்லை.

பொன்னித்துறை எழுதியது:

கற்றளி அவர்களின் வாசிப்பை ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. வராதவர்களை இரண்டகம் செய்தவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. அரசன் அவர்களுக்கு எதுவும் செய்யாத நிலை வந்து நெடுநாளாகியிருந்தது. எதிரி வந்தபோது தங்களுக்குள் உடன்படிக்கை செய்து காத்துக்கொண்டவர்கள், அரசன் சிறைப்பட்டபோதும் அதையே செய்தார்கள்.

போசளரின் நட்பைப் பற்றியும் நாம் ஏமாறக் கூடாது. சோழனை நிலைநிறுத்திய அதே கையால் அவர்கள் காவிரிக்கு வடகரையில், சமயபுரத்தை அடுத்த கண்ணனூரில், தங்களுக்கென்று ஒரு தலைமையிடம் அமைத்துக்கொண்டார்கள். மூன்றாம் இராசேந்திரன் 1246இல் பட்டத்துக்கு வந்து, கொஞ்சம் எழுந்து நின்று பாண்டியரை அடக்க முயன்றபோது, அவனைத் தடுத்தவன் போசள சோமேசுவரன். மாமன் முறையுடைய சோமேசுவரனை இராசேந்திரனின் கல்வெட்டுகளே பகைவனாகப் பேசுகின்றன. சோழன் விழாமலும் எழாமலும் இருக்க வேண்டும் என்பதே போசளரின் விருப்பம். இராசேந்திரனுக்கு உண்மையான துணையாக நின்றவர்கள் நெல்லூர்த் தெலுங்குச் சோடர். அவர்களும் அதற்கு ஈடாகக் காஞ்சியைத் தங்கள் பிடியில் வைத்திருந்தார்கள். 1249இல் அந்தக் காஞ்சியிலேயே காகதிய கணபதிதேவனின் கல்வெட்டு ஏறியது. ஒரு பேரரசன் வாழ அத்தனை பேரும் உதவினார்கள், ஒவ்வொருவரும் ஒரு நகரத்தை எடுத்துக்கொண்டு.

மெய்க்கீர்த்தி எழுதியது:

பாண்டியரை மேடையிலிருந்து இறக்கிவிட்டார்கள் என்று முன்பு குறைப்பட்டேன். திருவயிந்திரபுரத்துக் கல்வெட்டை மீண்டும் எடுத்துப் படித்த பிறகு ஓரளவு இறங்கி வருகிறேன். 1231இல் அரசனைச் சிறையிட்டவன் பாண்டியன் அல்லன் என்பது என் வாதத்துக்கு இடறலே. ஆனாலும் முழுவதும் ஒப்பவில்லை. பிறகு வந்த சடையவர்மன் சுந்தரபாண்டியன் 1251இல் அரியணையேறாமல் இருந்திருந்தால், தடுமாறித் தடுமாறியேனும் சோழப் பெயர் இன்னொரு நூற்றாண்டு ஓடியிருக்கக் கூடும். அவன் சில ஆண்டுகளுக்குள் இராசேந்திரனைத் திறை கட்ட வைத்தான்; சேந்தமங்கலத்தைத் தாக்கிக் கோப்பெருஞ்சிங்கனைப் பணியவைத்தான்; கண்ணனூரில் சோமேசுவரனை ஒழித்தான்; காஞ்சியைக் கடந்து நெல்லூரில் வீராபிடேகம் செய்துகொண்டான்; திருவரங்கத்தையும் தில்லையையும் பொன்னால் வேய்ந்தான். இவ்வளவையும் ஒருவன் செய்துமுடிக்க முடிந்ததென்றால், தடுக்க யாரும் இல்லை என்பது மட்டும் காரணமாகாது. செய்தவனின் ஆற்றலுக்கும் ஒரு பங்கு கொடுக்க வேண்டும்.

ஏரிக்கரை எழுதியது:

அந்தப் பங்கைக் கொடுத்துவிடலாம் ஐயா. எனக்கு எஞ்சியிருந்தது 1279தான். இத்தனை நாட்களாக அங்கே ஒரு பெரும்போர் இருக்கும் என்று தேடிக்கொண்டிருந்தேன். பாண்டியன் மாறவர்மன் குலசேகரனிடம் இராசேந்திரனும் போசள இராமநாதனும் தோற்றதாக வரலாற்று நூல்கள் குறிக்கின்றன. பாடல் பெற்ற களம் ஏதுமில்லை. ஆட்சியாண்டு எண்கள் ஓடிக்கொண்டே வருகின்றன, பிறகு நின்றுவிடுகின்றன. அவற்றின் இடத்தில் அதே கோயில் சுவர்களில் பாண்டியனின் ஆண்டு ஏறுகிறது. அதே ஊரார், அதே நில அளவு, அதே விளக்குக்கு அதே அளவு நெய்.

நாட்டார் எழுதியது:

கோப்பெருஞ்சிங்கனின் கல்வெட்டுகளும் ஏறத்தாழ அதே 1279ஓடு நிற்கின்றன என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 'சகலபுவனச் சக்கரவர்த்தி' என்றும் 'அவனியாளப் பிறந்தான்' என்றும் சொல்லிக்கொண்ட குடி, தான் சிறையிட்ட குடியோடு ஒன்றாகவே மறைந்தது. அப்போது சக்கரவர்த்தி என்று பெயர் வைத்துக்கொள்ளாத சம்புவராயர்கள் மட்டும் பாண்டியருக்கு அடங்கி இருந்துவிட்டு, பாண்டியரும் 1310க்குப் பிறகு சிதறிய பின்னர், படைவீடு என்ற ஊரிலிருந்து தனியரசு செலுத்தினார்கள். விசயநகரத்துக் குமார கம்பணன் வந்து அடக்கும்வரை, பதினான்காம் நூற்றாண்டில் தொண்டைமண்டலம் அவர்கள் கையில் இருந்தது.

கற்றளி அவர்கள் பெயர்களைப் பற்றி எழுதியிருந்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அந்தக் குடியில் ஒருவன் விக்கிரமசோழச் சம்புவராயன். படைவீட்டில் தனியரசனாக அமர்ந்தவனின் பெயர் வென்றுமண்கொண்ட சம்புவராயன்.